பேரேடும் சாட்சியும்: தொடரேட்டுத் தொழில்நுட்பத்தால் எளியோர்க்குப் பயன் உண்டா?

முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது தூத்துக்குடிக் கடற்கரை. கொற்கைத் துறையில் முத்தெடுத்த காலந்தொட்டு, காயல்பட்டினத்து வணிகர் கடல்கடந்து பொருளீட்டிய காலத்தினூடாக, வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் அடுக்கப்படும் இந்நாள் வரை, இக்கரையில் வணிகம் நடந்த இடமெல்லாம் ஒரு வினாவும் உடன் நடந்து வந்திருக்கிறது. கணக்கை எவர் எழுதுவது? எழுதியதை மற்றவர் எதைக்கொண்டு நம்புவது? என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்குக் கணினி உலகம் அளித்துள்ள புதிய விடை 'பிளாக்செயின்' என்பதாகும். தமிழில் இதனைத் தொடரேடு என்பர். கட்டச்சங்கிலி எனவும் வழங்குவர். இது பரவிவிட்டால் தரகர் வேண்டா, வங்கி வேண்டா, பதிவாளர் வேண்டா, பொய்க்கணக்கு என்பதே இல்லாமற் போய்விடும் எனப் புகழ்வோர் ஒருபுறம். இது வெறும் சூதாட்டம் என ஒதுக்குவோர் மறுபுறம். நம் மாணவருள் சிலர் இத்துறையில் வேலை தேடுகின்றனர். வேறு சிலர் கிரிப்டோ நாணயங்களில் பணத்தையும் இடுகின்றனர். ஆதலின் இருபுறத்து ஆரவாரத்தையும் சற்றே விலக்கி வைத்துவிட்டு, உப்பளத்தில் உழைப்பவர், மீன்பிடிப் படகில் செல்பவர், ஒரு மனை வாங்கச் சேமிப்பவர், ஒன்றிரண்டு பெட்டகம் சரக்கு அனுப்பும் சிறு வணிகர் ஆகியோர்க்கு இதனால் நடைமுறைப் பயன் ஏதேனும் உண்டா என நோக்குதல் தகும்.

இக்கட்டுரையின் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். தொடரேடு எழுதப்பட்டதைக் காக்கும். எழுதப்பட்டது உண்மையா என்பதை அது அறியாது. எளியவர் இழப்பதோ பெரும்பாலும் எழுதப்படும் இடத்திலேயே. எனவே, அவ்விடத்தில் நேர்மையான சாட்சியை நிறுத்தாமல் ஏட்டை மட்டும் பூட்டுவதால் அவர்க்கு வரும் பயன் சிறிது. சில வேளைகளில் தீங்கும் நேரலாம்.

தொடரேடு என்பது யாது?

இதன் அமைப்பைக் கடைப் பேரேட்டைக் கொண்டே விளக்கலாம். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அப்பக்கத்து எழுத்துகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற ஓர் அடையாள எண் பொறிக்கப்படுகிறது எனக் கொள்வோம். ஓர் எழுத்தை மாற்றினாலும் அவ்வெண் அடியோடு மாறிவிடும். அடுத்த பக்கத்தின் தலைப்பில் முந்தைய பக்கத்தின் எண்ணும் எழுதப்படும். இவ்வாறு பக்கத்தோடு பக்கம் கோக்கப்பட்டுவிடுவதால், நூறு பக்கம் நிறைந்த ஏட்டில் பத்தாம் பக்கத்தைத் திருத்த முனைபவர் அதன்பின் வரும் எல்லாப் பக்கங்களையும் மாற்றியாக வேண்டும். அதற்கும் மேலாக, அந்த ஏட்டின் படி ஒருவரிடம் மட்டும் இராது. ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். எது சரியான படி என்பதை அனைவரும் ஒரு பொது விதிப்படி ஒப்புக்கொள்வர். தனியொருவர் தம் படியைத் திருத்தினால் மற்றப் படிகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்னாவணங்களுக்கு நாள் முத்திரை இடும் முறையாக இதன் மூலக்கருத்தை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் 1991இல் வெளியிட்டனர். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008இல் வெளிவந்த ஒரு கட்டுரை இதனை நாணயத்திற்குப் பயன்படுத்தும் வழியைக் காட்டியது. 2009 சனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியது.

மாற்ற இயலாத ஆவணம் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்கவேண்டும் என்ற வேண்டுதலோடு நம் முன்னோர் கொடைகளைக் கல்லில் வெட்டினர், செம்பில் பொறித்தனர். ஊரார் அனைவரும் காணும் சுவரில் உள்ள எழுத்தை ஒருவர் இரவோடு இரவாக மாற்றிவிட முடியாது. ஆயினும், கல்வெட்டியல் பயில்வோர் அறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. செப்பேடுகளுள் போலிகளும் உள. கங்க மன்னர் பெயரால் வழங்கிய செப்பேடுகளுள் பல பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பதை ஃபிளீட் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். செம்பு உறுதியானதுதான்; அதில் எழுதியவர் பொய்யர். பொய்யை அழியாப் பொருளில் எழுதினால் நமக்குக் கிடைப்பது அழியாப் பொய்யே.

சலாபத்தில் மூன்று குவியல்

எழுதுமிடத்தில் நேர்மையை வரவழைப்பது எங்ஙனம் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபமே ஒரு நல்ல பாடம் தருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளைகுடாவின் இலங்கைக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்புகளில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்போர்க்கும் இரு பங்கு அரசுக்கும் உரியன. பங்கிடும் பொறுப்பு குளிப்போரிடமே விடப்பட்டது. அவர்கள் தம் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்து வைப்பர். எந்தக் குவியல் அவர்களுக்கு உரியது என்பதை அலுவலர் சுட்டுவார்.

இதன் நுட்பத்தை நோக்குக. தமக்கு எது வரும் என்பது பிரிப்பவருக்குத் தெரியாது. ஆகையால் மூன்றையும் சமமாகப் பிரிப்பதே அவருக்கு நன்மை. அவர் நல்லவரா என அலுவலர் ஆராய வேண்டியதில்லை; பெரிய கணக்கேடும் வேண்டியதில்லை. வஞ்சிப்பவனுக்கு வஞ்சத்தால் ஊதியம் இல்லாத ஓர் ஏற்பாடு அது.

கடன் கொடுக்கல் வாங்கல் பற்றித் திருமறையின் மிக நீண்ட வசனம் வகுத்துள்ள முறையிலும் இதே நுண்மை காணப்படுகிறது. கடனை எழுதி வைக்க வேண்டும்; எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும்; சாட்சிகள் வேண்டும் என்பதோடு, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவரே எனவும் அது விதிக்கிறது. தமக்கு எதிரான வாசகத்தைத் தாமே சொல்பவர் பின்னர் அதனை மறுத்தல் அரிது. வலியவரான கடன் கொடுத்தவர் கூட்டிச் சொல்லவும் இடமில்லை. ஏடு, எழுதுபவர், சாட்சி, சொல்பவர் என நான்கும் சேர்ந்த பின்பே ஓர் ஆவணம் நம்பத்தக்கதாகிறது. தொடரேடு இந்நான்கனுள் ஏட்டை மட்டுமே வலுப்படுத்துகிறது.

முத்தும் அதன் சான்றிதழும்

விலையுயர்ந்த மணிகள் எங்குப் பிறந்தன, எவர் கைமாறி வந்தன என்பதனைத் தொடரேட்டில் பதியும் முயற்சிகள் கடந்த பத்தாண்டில் தோன்றின. வைரத்தின் பயணத்தைப் பதிவதற்கென 2015இல் தொடங்கப்பட்ட எவர்லெட்ஜர் என்னும் நிறுவனம் அவற்றுள் புகழ்பெற்றது. 2023இல் அது நொடித்தது. இம்முயற்சியை முத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நிகழ்ந்தது 1961ஆம் ஆண்டில். பின்னர் 1973இல் இதே ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். இயற்கை முத்துக்கும் வளர்ப்பு முத்துக்கும் விலையில் பெருத்த வேறுபாடு உண்டு. ஒரு முத்து இயற்கையானதா என்பதைக் கண்டறிய அதன் உள்ளமைப்பைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். தொடரேட்டில் 'இயற்கை முத்து' என்ற வாசகம் மாறாமல் இருக்கலாம். பேழைக்குள் இருந்த முத்தை ஒருவர் மாற்றி வைத்துவிட்டால் அந்த வாசகம் அதனை அறியுமா? அறியாது.

நம் காப்பியமே இதற்குச் சான்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் மாண்டது ஆவணக் குறையால் அன்று. பொற்கொல்லன் கூற்றை மன்னன் ஆராயாது ஏற்றான். உண்மை வெளிப்பட்டது சிலம்பை உடைத்துப் பார்த்தபோதுதான். தேவியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல். பொருளைச் சோதிக்காமல் சொல்லை மட்டும் பாதுகாத்து வைத்தால், பொற்கொல்லன் சொல்லும் அழியாது பாதுகாக்கப்படும்.

துறைமுகத்தின் தாள்கள்

இனி, தொடரேடு உண்மையிலேயே உதவக்கூடிய ஓர் இடத்திற்கு வருவோம். அது நம் துறைமுகமே. ஒரு பெட்டகம் வெளிநாடு செல்ல வேண்டுமாயின் அனுப்புபவர், சுங்கத் தரகர், சுங்கத்துறை, பெட்டக நிலையம், கப்பல் நிறுவனம், இரு நாட்டு வங்கிகள், பெறுபவர் எனப் பலர் கைகோக்க வேண்டும். கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு சரக்கின் வழியை 2014இல் மேர்ஸ்க் நிறுவனம் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ முப்பது பேரும் நிறுவனங்களும் அதில் தொடர்புடையோராக இருந்ததும், அவர்களிடையே இருநூறுக்கு மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நடந்ததும் தெரியவந்தன.

இத்தாள்களுள் தலையாயது 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டு. மூலச் சீட்டை வைத்திருப்பவரே சரக்கைப் பெறத் தகுதியுடையவர். எனவே இத்தாள் தூதஞ்சல் வழியாகவும் வங்கிகள் வழியாகவும் பயணம் செய்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போன்ற அண்மைத் துறைக்குக் கப்பல் மிக விரைவில் சென்று சேர்ந்துவிடும். தாளோ வங்கிகளைக் கடந்து பின்னால் வரும். சரக்கு காத்துக் கிடக்க, தாமதக் கட்டணம் ஏறும். பெருநிறுவனம் இதனைத் தாங்கும். சிறு வணிகர் தாங்குவது அரிது. ஒரே மூலச் சீட்டு, ஒரு வேளையில் ஒருவர் கையில் மட்டும், ஆனால் மின்வடிவில் நொடியில் கைமாறும்படி இருக்குமானால் அது மெய்யான பயன். ஒருவரையொருவர் முழுதும் நம்பாத பலர், எவருக்கும் தனியுரிமை இல்லாத ஓர் ஏட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடம் இது. தொடரேடு பொருந்துவதும் இத்தகைய இடத்திற்கே.

ஆயினும் நடந்தது யாது? மேர்ஸ்க் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் 2018இல் 'டிரேட்லென்ஸ்' என்னும் தொடரேட்டுத் தளத்தைத் தொடங்கின. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பல அதில் சேர்ந்தன. எனினும், 2022 நவம்பரில் அதனை மூடப்போவதாக அறிவித்து 2023இல் மூடிவிட்டனர். உலகளாவிய முழு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். ஏடு வலுவாகவே இருந்தது. ஏட்டைச் சுற்றி அமர வேண்டியவர்கள் போதிய அளவு அமரவில்லை.

இங்கே சட்டத்தின் பங்கையும் மறத்தலாகாது. மின்வடிவச் சீட்டும் மூலச் சீட்டே எனச் சட்டம் ஏற்றாலன்றி வங்கியும் நீதிமன்றமும் அதனை மதியா. இங்கிலாந்து 2023இல் மின்வணிக ஆவணச் சட்டம் இயற்றி இதற்கு வழி திறந்தது. நம் நாட்டில் 1856ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகச் சரக்குச் சீட்டுச் சட்டம் ஒன்று 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தூத்துக்குடிச் சிறு வணிகர்க்கு நன்மை வரவேண்டுமாயின், கணினிச் சங்கிலியைக் காட்டிலும் சட்டத்தின் ஏற்பும் வங்கிகளின் இசைவுமே முதற்கண் தேவை.

பத்திரமும் போலியும்

எளிய குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப்பெரும் கொள்முதல் ஒரு மனையோ வீடோ ஆகும். போலிப் பத்திரத்தால் அதனை இழப்போர் நிலை இரங்கத்தக்கது. நில ஆவணத்தைத் தொடரேட்டில் ஏற்றிவிட்டால் இத்தீமை ஒழியும் என்பர். தமிழக அரசு 2020இல் தொடரேட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசு ஆவணங்களையும் சான்றிதழ்களையும் காக்கும் பொருட்டு 'நம்பிக்கை இணையம்' என்னும் தொடரேட்டுக் கட்டமைப்பும் உருவாக்கப்பட்டுள்ளது. முயற்சி வரவேற்கத்தக்கதே. பதிவேட்டைப் பின்னர் ஒருவர் உள்ளிருந்தே திருத்தும் குற்றத்தை இது தடுக்கும்.

ஆனால் நிலமோசடி பெரும்பாலும் எவ்வாறு நிகழ்கிறது? ஆள்மாறாட்டம் செய்து ஒருவர் பதிவாளர் முன் நிற்கிறார். போலியான பொது அதிகார ஆவணம், போலியான இறப்புச் சான்று, போலியான வாரிசுச் சான்று ஆகியன காட்டப்படுகின்றன. இவை யாவும் பதிவுக்கு முன் நிகழ்வன. நம் நாட்டின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, விற்பவர்க்கு உரிமை உண்டு என உறுதி கூறுவதில்லை. எனவேதான் வில்லங்கச் சான்றிதழ் கையில் இருந்தும் மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறோம். இந்நிலையில் போலிப் பத்திரம் ஒன்று தொடரேட்டில் ஏறிவிட்டால் அதுவும் மாறாமல் நிற்கும்.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வஞ்சிக்கப்பட்டவர்க்குத் தேவைப்படுவது திருத்தம். போலிப் பத்திரப் பதிவை ரத்துச் செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளர்க்கு வழங்கும் சட்டத்திருத்தம் 2022இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்ததும், அது செல்லுமா என்பது பின்னர் நீதிமன்றத்தில் வாதிடப்பட்டதும் நாம் அறிந்தவை. அழிக்க இயலாத ஏட்டை விரும்புகிற அதே வேளையில், அழிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும் என்றும் நாம் வழக்காடுகிறோம். தொடரேட்டிலும் புதிய பதிவால் பழைய பதிவை மாற்றியமைக்கலாம். ஆனால் அவ்வாறு எழுத எவர்க்கு அதிகாரம் என்னும் வினா அங்கேயும் எழும். அதற்கு விடை அளிக்க வேண்டியது சட்டமும் நீதிமன்றமுமே.

பணமும் பணப்பையும்

தொடரேடு மக்களிடையே பெயர்பெற்றது நாணயத்தால். வங்கியின்றிப் பணம் அனுப்பலாம் என்பது அதன் முதல் வாக்குறுதி. இவ்வாக்குறுதி தேநீர்க் கடை வரை வந்தது உண்மை. ஆனால் வேறு வழியில் வந்தது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை தொடரேட்டின் மேல் அமைந்ததன்று. வங்கிகளை இணைக்கும் மையக் கட்டமைப்பு அது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் அதன்வழி 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. நொடிக்குக் கணக்கிட்டால் சராசரி 7,000ஐத் தாண்டும். பிட்காயினின் மூலத் தொடரேடோ நொடிக்கு ஏறத்தாழ ஏழு பரிமாற்றங்களையே தாங்கும். நம்பிக்கைக்குரிய ஒருவர் ஏட்டை வைத்திருக்க அனைவரும் இசைந்தால், வேகமும் எளிமையும் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

எல் சல்வடோர் நாடு 2021இல் பிட்காயினைச் சட்டமுறை நாணயமாக ஏற்றது. மக்களின் அன்றாட வாழ்வில் அது வேரூன்றவில்லை. வணிகர் அதனை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அந்நாடு 2025இல் நீக்கிவிட்டது.

நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய மெய்நிகர் சொத்துகளின் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி உண்டு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றத் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பயனர் பலர் தம் முதலீட்டை எடுக்க இயலாமல் நெடுங்காலம் காத்திருந்தனர். இதில் ஒரு செய்தி கருதத்தக்கது. தொடரேடு அன்று பழுதுபடவில்லை. களவுபோன நாணயம் எந்த முகவரிக்குச் சென்றது என்பதை அது பிழையின்றிப் பதிந்து வைத்தது. திருப்பித் தர அதனால் இயலவில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் கிரிப்டோ நாணயமும் சட்டப்படி சொத்தே எனக் கூறி, வழக்குத் தொடுத்த முதலீட்டாளர் ஒருவர்க்குப் பாதுகாப்பு அளித்தது. இடையாள் வேண்டா என்று தொடங்கிய நாணயத்தைப் பெரும்பாலோர் ஓர் இடையாளிடமே ஒப்படைத்தனர். இடர் வந்தபோது நாடியதும் நீதிமன்றத்தையே.

இளைஞர்க்கு இங்கே ஒன்று கூறுதல் கடமை. தொடரேட்டைக் கற்பது வேறு. அதன் பெயரால் விற்கப்படும் நாணயத்தில் பெற்றோர் சேமிப்பை இடுவது வேறு. முன்னது கல்வி. பின்னதில் ஆதாயம் பெரும்பாலும் அடுத்து வாங்குபவர் தரும் விலையைப் பொறுத்தது.

நம் கைப்பேசியில் இருக்கும் தொடரேடு

எளியவர் வாழ்வில் தொடரேடு இன்னும் நுழையவே இல்லை என எண்ணிவிடலாகாது. நம் கைப்பேசிக்கு வங்கியிலிருந்தும் கடைகளிலிருந்தும் வரும் குறுஞ்செய்திகளை ஒழுங்குபடுத்த, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. செய்தி அனுப்பும் நிறுவனத்தின் பெயரும் செய்தியின் வாசக அமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் தொடரேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும் என்பது அதன் முறை. 2021 மார்ச்சு 8ஆம் நாள் இம்முறை கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, பதிவு செய்யப்படாத வாசகங்கள் தடுக்கப்பட்டன. ஒருமுறைக் கடவுச்சொல் வாராமல் நாடெங்கும் வங்கிப் பணிகள் தடுமாறின. ஆணையம் அதனைச் சில நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இன்று அம்முறை இயங்கிவருகிறது. வங்கியின் பெயரில் எவரும் எளிதில் குறுஞ்செய்தி அனுப்பிவிட முடியாதபடி ஓரளவு காப்பு கிடைத்துள்ளது. இது பயனே, நாம் அறியாமலே நமக்குக் கிடைத்த பயன். ஆயினும் ஏமாற்றுவோர் குறுஞ்செய்தியை விட்டு நேரடி அழைப்புக்கும் வாட்சப்புக்கும் சென்றுவிட்டனர். பூட்டிய கதவை விட்டுத் திறந்த கதவைத் தேடுவது கள்வர் இயல்பு.

மாணவர்க்கு நேரடியாகத் தொடர்புடைய மற்றோர் இடம் கல்விச் சான்றிதழ். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2021இல் மதிப்பெண் சான்றுகளைத் தொடரேட்டில் வைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. வளைகுடா நாட்டில் வேலைக்குச் செல்பவரின் சான்றிதழ் மெய்யானதா என்பதை அங்குள்ளோர் உடனே சரிபார்க்க இயலுமாயின், அலைச்சலும் செலவும் குறையும். 2015 முதல் வழங்கிவரும் டிஜிலாக்கர் முறையும் பெரும்பாலும் இப்பணியைச் செய்கிறது. அது தொடரேடு இன்றி மின்னொப்பத்தால் இயல்வது. எளிய கருவி போதுமான இடத்தில் அரிய கருவியை நாட வேண்டுவதில்லை.

எளியவர் இழப்பது எங்கே?

இனி நம் கடற்கரைக்கு மீள்வோம். விசைப்படகில் கடலுக்குச் செல்பவர்க்குப் பங்கு முறையில் ஊதியம் கிடைக்கிறது. மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், உணவு முதலிய செலவுகளைக் கழித்து எஞ்சியதைப் பங்கிடுவர். விற்ற விலை எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை எழுதும் நோட்டு எவரிடம் உள்ளது? முன்பணம் பெற்றுக் கடன்பட்டவர் தம் மீனை எவரிடம் விற்கிறார், எடைபோடுவது எவர்? உப்பளத்தில் வேலை நாளைக் குறிப்பவர் யார்? இவ்விடங்களில் எல்லாம் ஏடு ஒருவர் கையில் உள்ளது; மற்றவர் கையில் ஒன்றும் இல்லை.

இக்குறையைத் தீர்க்க ஆயிரம் கணினிகள் வேண்டா. மைத்தாள் வைத்து எழுதிய இரட்டைச் சீட்டு போதும். ஒன்று எழுதுபவரிடம், மற்றொன்று உழைத்தவரிடம். தொடரேட்டின் சாரமே படி பலரிடம் இருத்தல் என்பதுதான். அச்சாரத்தில் எளியவர்க்குத் தேவையான பகுதி ஐந்து ரூபாய்ச் சீட்டுப் புத்தகத்திலேயே கிடைக்கிறது. அதனைக் கேட்டுப் பெறும் துணிவும், எழுதியதைப் படிக்கும் கல்வியும், அது தமிழில் இருக்க வேண்டும் என்னும் உரிமையுணர்வும் வேண்டும். எடையிடும் இடத்தில் சங்கத்தின் சார்பில் ஒரு சாட்சி நின்றால், கணினி ஏட்டில் எழுதினாலும் தாளில் எழுதினாலும் அக்கணக்கு மெய்க்கணக்காகும்.

வல்லமை ஏற்றத்தாழ்வை எந்த ஏடும் நீக்கிவிடாது என்பதற்கும் இவ்வூர் வரலாறே சான்று. 1906இல் வ.உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனம் பத்து இலட்ச ரூபாய் முதலை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து மக்களிடம் திரட்டியது. ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் எண்ணாயிரம் பங்குகளை இரண்டு இலட்ச ரூபாய்க்கு ஏற்று அந்நிறுவனத்திற்குத் தோள் கொடுத்தார். சமயம் கடந்து மக்கள் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. அந்நிறுவனம் வீழ்ந்தது பங்குப் பேரேட்டின் பிழையால் அன்று. வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை அடிமட்டமாகக் குறைத்ததாலும், 1908இல் தலைவர் சிறைப்பட்டதாலும் ஆகும். ஏடு சரியாக இருந்தும் நீதி இல்லையேல் எளியவர் தோற்பர்.

நாம் கேட்க வேண்டியவை

எனவே, தொடரேட்டின் பெயரால் ஒரு திட்டமோ முதலீடோ நம் முன் வரும்போது நான்கு வினாக்களைக் கேட்போமாக. முதலாவது, ஏட்டில் முதன்முதல் எழுதுபவர் யார், அங்கே சாட்சி எவர்? இரண்டாவது, தவறாக எழுதப்பட்டால் திருத்தித் தருபவர் யார், அவரை எந்த ஊரில் காணலாம்? மூன்றாவது, கடவுச்சாவியை இழந்துவிட்டால் என் பொருள் என்னவாகும்? நான்காவது, இதே பணியை ஓர் எளிய ஏடும் இரண்டு படிகளும் செய்துவிடாவா?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்குமாயின் அத்திட்டத்தை வரவேற்போம். கப்பல் சரக்குச் சீட்டு இத்தேர்வில் வெல்லக்கூடும். சான்றிதழ் ஓரளவு வெல்லும். நில ஆவணம் பதிவுக்கு முந்திய சோதனையைச் செம்மைப்படுத்தினால் மட்டுமே வெல்லும். விரைவில் செல்வம் தருவதாகக் கூறும் நாணயத் திட்டங்கள் முதல் வினாவிலேயே தடுமாறும்.

மாணவச் செல்வங்கள் இத்தொழில்நுட்பத்தை ஐயமறக் கற்க வேண்டும். கற்றவர் இல்லாத சமுதாயத்தில் புதிய ஏட்டையும் பழைய வல்லவரே கைப்பற்றுவர். கணினி பயில்வோர் தொடரேட்டை அமைக்கட்டும். சட்டம் பயில்வோர் திருத்தத்திற்கு வழி காணட்டும். தமிழ் பயில்வோர், கையொப்பம் இடும் எளியவர் தாமே படித்தறியும் நடையில் அந்த ஏட்டின் வாசகத்தை எழுதித் தரட்டும். சமுதாயப் பெரியோர், தம் கடையிலும் படகிலும் உப்பளத்திலும் உழைப்பவர்க்கு இன்றே ஒரு படியைக் கையில் கொடுக்கத் தொடங்கலாம். அதற்கு எந்தப் புதிய இயந்திரமும் வந்து சேரக் காத்திருக்க வேண்டியதில்லை.